புள்ளியும் பிள்ளையும்

(தம்மாமில் வெள்ளிக்கிழமை பின்னேரம் தமிழ்க் குடும்பங்கள் கூடிய ஒன்றுகூடல் ஒன்றில் நிகழ்த்திய உரை. புத்தாண்டு மலர் வாசகர்களுக்காகச் சில விளக்கங்கள் சேர்க்கப்பட்டுள்ளன.)



சித்திரை பிறக்கப் பன்னிரண்டு நாளுக்கு முதல், ஏப்ரல் 2ஆம் திகதி, உலக ஓட்டிசம் விழிப்புணர்வு நாள் வருகிறது. இப்படி ஒரு நாள் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் கேட்ட நாடு எது தெரியுமோ? எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டார்தான். 2007 டிசம்பர் 18ஆம் திகதி பொதுச்சபை 62/139 இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 2008இல் இருந்து உலகம் முழுக்க அந்த நாள் வருகிறது. வளைகுடாவில் இருந்து எழுந்த குரல் அது. ஆனால் வளைகுடாவில் இருக்கிற எங்கட தமிழ்க் குடும்பங்களில் அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் மிகக் குறைவு. ஆனபடியால்தான் இன்றைக்கு நான் கதைக்க வந்தேன்.

எனக்குப் பத்து வயதில் ஒரு மகன். வீட்டில் தம்பி என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு ஓட்டிசம். தமிழ்நாட்டில் இதை மதியிறுக்கம் என்கிறார்கள். பேச்சு பத்து, பன்னிரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. மற்றபடி நல்ல பிள்ளை, நல்ல ஓட்டக்காரன். அந்த ஓட்டத்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் உலகத்தில் 127 பேருக்கு ஒருவர் இந்த நிலையோடு வாழ்கிறார். அப்படியென்றால் எங்கள் சங்கத்து விழா மண்டபம் நிறைந்தால், அதற்குள்ளேயே இரண்டு, மூன்று குடும்பம் இருக்க வேண்டும். இருக்கினம். வெளியில் சொல்லுவதில்லை, அவ்வளவுதான்.

பிள்ளைகள் ஏன் வீட்டை விட்டு வெளிக்கிடுகினம் என்று முதலில் பார்ப்போம். இது குழப்படி இல்லை, பெற்றோரில் கோபமும் இல்லை. சில பிள்ளைக்குத் தண்ணீர் பிடிக்கும். சிலதுக்கு ரயில், சிலதுக்குச் சுழலுகிற காற்றாடி. அதைத் தேடிப் போகும். வேறு சில பிள்ளைக்குச் சத்தம் தாங்காது. வீட்டில் விருந்தினர் வந்து நாலு பேர் ஒரே நேரத்தில் கதைத்தால், மிக்சி ஓடினால், அந்தச் சத்தத்தில் இருந்து தப்ப வெளியே நடக்கும். போகிற பிள்ளை தான் தொலைந்துவிட்டதாக நினைக்காது. அழாது, யாரிடமும் உதவி கேட்காது. நிமிர்ந்து நடந்து போகிற பிள்ளையைப் பார்க்கிறவனுக்கு, இது எங்கேயோ காரியமாகப் போகுது என்றுதான் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஓட்டிசம் உள்ள 1,200க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைக் கேட்டு 2012இல் ஓர் ஆய்வு வந்தது. நாலு வயதுக்குப் பிறகு தங்கள் பிள்ளை குறைந்தது ஒரு தடவையாவது இப்படி வெளிக்கிட்டது என்று சொன்னவர்கள் 49 வீதம். அதாவது பாதிப் பேர். அப்படி வெளிக்கிட்ட பிள்ளைகளில் அரைவாசிக்கு மேல், பெற்றோர் பதறுகிற அளவு நேரம் காணாமல் இருந்திருக்கிறார்கள். 1999 முதல் 2014 வரையான அமெரிக்க மரணப் பதிவுகளை ஆராய்ந்து 2017இல் இன்னோர் ஆய்வு வந்தது. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஓட்டிசப் பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கிற வாய்ப்பு, மற்றப் பிள்ளைகளை விட 160 மடங்கு என்று அது சொன்னது. நூற்றி அறுபது மடங்கு! ஒருக்கால் எங்கட தம்மாமை நினைத்துப் பாருங்கோ. கோர்னிஷ் கரை நீளத்துக்குக் கடல். லீவு நாளில் ஹாஃப் மூன் பே கடற்கரை. வாடகைக்கு எடுக்கிற இஸ்திராஹாக்களில் நீச்சல் குளம். மற்றப் பக்கம் ஆறு வழிச் சாலை. கோடையில் 45 பாகைக்கு மேல் வெயில். தண்ணீர், வாகனம், வெயில் மூன்றும் சேர்ந்த ஊர் இது.

இனி, கருவிக்கு வருவோம். இந்தக் கருவிகள் பற்றிய பேச்சு உலகத்தில் பெரிதாக எழும்பியது 2013இல். அந்த வருடம் ஒக்டோபர் 4ஆம் திகதி நியூயோர்க்கில் அவொன்ரே ஒக்கென்டோ என்ற 14 வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருந்து தனியே வெளியே நடந்து போனான். பேச்சில்லாத பிள்ளை. அவன் ஓடிப் போவது பள்ளிக்கூடக் கமராவில் பதிந்திருந்தது. அவனுக்கு ரயில் விருப்பம் என்றபடியால் சுரங்க ரயில் பாதை எல்லாம் தேடினார்கள். ஊர் முழுக்கப் படம் ஒட்டினார்கள். 2014 ஜனவரியில் ஆற்றங்கரையில் அவனுடைய உடல்தான் கிடைத்தது. அதற்கு முன் 2008இல் அயோவா மாநிலத்தில் கெவின் என்ற ஒன்பது வயதுப் பிள்ளை ஆற்றில் மூழ்கி இறந்திருந்தான். இந்த இரண்டு பிள்ளைகளின் பெயரிலும் ஒரு சட்டம் 2018 மார்ச்சில் அமெரிக்காவில் கையெழுத்தானது. காவல் துறைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் பயிற்சிக்கும், இடங்காட்டும் கருவிகளுக்கும் பணம் ஒதுக்க வழி செய்த சட்டம். குடும்பம் விரும்பினால் மட்டும் கருவி என்பது அதன் அடிப்படை.

அதற்கும் முதல், 1999இல், வேர்ஜினியா மாநிலத்தில் புரொஜெக்ட் லைஃப்சேவர் என்ற அமைப்பு தொடங்கியது. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கும் இப்படியான பிள்ளைகளுக்கும் ரேடியோ அலை அனுப்புகிற ஒரு கைப்பட்டியைக் கட்டிவிடுகிறார்கள். ஆள் காணாமல் போனால் பயிற்சி பெற்றவர்கள் அன்டெனாவோடு வந்து தேடுவார்கள். சராசரியாக அரை மணி நேரத்தில் ஆளைக் கண்டுபிடிக்கிறோம் என்பது அவர்களுடைய கணக்கு. இதில் பட்டியை மட்டும் பார்க்காதேங்கோ. தேடி வருகிற, பயிற்சி பெற்ற ஆட்களையும் பாருங்கோ. நான் சொல்ல வந்த முக்கால்வாசியும் அதற்குள் இருக்கிறது.

நான் தொழிலால் ரெலிபோன் கோபுரங்களில் வேலை செய்கிறவன். அதனால் இந்தக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

எங்கட சனம் நினைப்பது, மேலே இருக்கிற செயற்கைக்கோள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்குது என்று. அப்படி இல்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நேரத்தைச் சொல்லிக்கொண்டு மட்டும் இருக்கின்றன, ரேடியோவில் நேரம் சொல்வது போல. பிள்ளையின் கையில் இருக்கிற கடிகாரம் குறைந்தது நாலு செயற்கைக்கோளின் குரலைக் கேட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று தானே கணக்குப் பார்க்கிறது. பிறகு அந்தக் கணக்கை உள்ளே இருக்கிற சிம் மூலம் எங்கட கைத்தொலைபேசிக்கு அனுப்புகிறது. ஆகவே இரண்டு காரியம் நடக்க வேண்டும். வானம் தெரிய வேண்டும், சிக்னல் இருக்க வேண்டும். வெட்டை வெளியில் சில மீற்றருக்குள் சரியாகக் காட்டும். கொங்கிரீட் கட்டடத்துக்குள், மோலுக்குள் போனால் செயற்கைக்கோள் கேட்காது. அப்போது பக்கத்து வைபை, ரெலிபோன் கோபுரம் இவற்றை வைத்து ஒரு குத்துமதிப்புச் சொல்லும். திரையில் புள்ளியைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் வந்தால், அந்த வட்டத்துக்குள் எங்கேயோ நிற்கிறான் என்று அர்த்தம். அதோடு, நிலத்தடியில் நின்றாலும் ஆறாம் மாடியில் நின்றாலும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான்.

இரண்டாவது வகை, ஏர்டாக் போன்ற சின்ன வில்லைகள். 2021 ஏப்ரலில் வந்தது அது. இதற்குள் சிம்மும் இல்லை, ஜி.பி.எஸ்ஸும் இல்லை. பக்கத்தில் போகிற யாருடைய ஐபோனாவது இந்த வில்லையின் புளூடூத் அலையைக் கேட்டால், அந்தப் போன் இடத்தைத் தெரிவிக்கும். சீக்கோ பக்கத்துச் சனக்கூட்டத்தில் உடனே தெரியும். ஆள் இல்லாத கடற்கரையில், வெறும் வெளியில் தெரியாது. எங்கட பிள்ளை ஆபத்தில் மாட்டுவது பெரும்பாலும் ஆள் இல்லாத இடத்தில்தான். அதைச் செய்கிற கொம்பனியே இது சாமானுக்கு, ஆளுக்கு இல்லை என்று சொல்கிறது. மலிவு, பற்றரி ஒரு வருடம் வரை நிற்கும், ஆகவே இரண்டாவது காவலாகச் சட்டை மடிப்புக்குள் வைத்துத் தைக்கலாம். ஒரு எச்சரிக்கை: அதற்குள் இருப்பது காசு போன்ற சின்னப் பற்றரி. கண்டதையும் வாயில் வைக்கிற பிள்ளை என்றால் மிகக் கவனம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக் குழாயை எரித்துவிடும்.

மூன்றாவது வகைக்கு பற்றரியே வேண்டாம். தொலைபேசி இலக்கம் பொறித்த வளையல், பதக்கம், அல்லது கியூஆர் குறி. 2023 செப்டம்பரில் மும்பையில் வோர்லிப் பக்கம் இருந்து 12 வயதுப் பிள்ளை ஒன்று காணாமல் போனது. மனவளர்ச்சி குறைந்த பிள்ளை. கொலாபாவில் கண்டார்கள். கழுத்தில் கிடந்த பதக்கத்தின் கியூஆர் குறியைப் படித்ததும் வீட்டு இலக்கம் வந்தது. சில மணி நேரத்தில் பிள்ளை தாயிடம் போய்ச் சேர்ந்தது. விலையைப் பார்த்தால் ஒரு சாயங்காலத் தேத்தண்ணிச் செலவு. ஆனால் இதற்கும் ஒரு ஆள் வேண்டும். குனிந்து பார்க்கிற ஒரு ஆள்.

இனி எங்கட வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். நான் அன்றைக்கு ஜுபைலில் வேலை. மஃரிப் தொழுகை நேரம். வீட்டில் தண்ணிப் போத்தல் கொண்டு வந்தவருக்குக் கதவு திறந்த நேரம், தம்பி படியால் இறங்கிவிட்டான். நாலு நிமிசம் கழித்து என்ர போனிலும் மனிசியின் போனிலும் ஒரே நேரத்தில் மணி அடித்தது. வீட்டைச் சுற்றி நாங்கள் கீறி வைத்த எல்லையை அவன் தாண்டிவிட்டான் என்ற அறிவித்தல். ஏன் நாலு நிமிசம்? பற்றரி மிச்சம் பிடிக்கக் கடிகாரம் இடைவெளி விட்டுத்தான் இடத்தை அனுப்பும். ஓடக்கூடிய பிள்ளைக்கு நாலு நிமிசம் என்பது கால் மைல் தூரம். போனைத் திறந்து பார்க்கிறேன், வட்டத்துக்குள் நாலு கட்டடமும் ஒரு பெரிய சாலையும் கிடக்குது. தொண்ணூறு கிலோமீற்றருக்கு அப்பால் நான் நிற்கிறேன். என்ர பிள்ளையின் புள்ளி என்ர உள்ளங்கையில் இருக்குது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவனைப் பிடித்தது யார்? மூலையில் இருக்கிற பக்காலாக்காரச் சேட்டன். கடைக்குப் பின்னால் ஓடுகிற ஏசி விசிறிக்கு முன்னால் தம்பி நின்றுகொண்டிருந்தானாம். சேட்டன் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு பெட்டியில் இருத்தி, குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, மனிசிக்கு அடித்தார்: "மோன் இவிடெ உண்டு சேச்சி, பேடிக்கண்டா." படி இறங்கினதில் இருந்து பதினொரு நிமிசம்.

அந்த மனிசனுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதத்துக்கு முதல் என்ர மனிசி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒவ்வொரு கடையாகப் போயிருந்தா. பக்காலா, சலூன், பூபியா, கட்டடக் காவல் பார்க்கிற ஹாரிஸ். "இவன் என்ர பிள்ளை. கதைக்க மாட்டான். தனிய கண்டால் பிடித்து வைத்துக்கொண்டு இந்த நம்பருக்கு அடியுங்கோ" என்று சொல்லி ஒரு துண்டும் கொடுத்திருந்தா. கடிகாரம் எங்களுக்குச் செய்தி சொன்னது. பிள்ளையைக் காப்பாற்றியது அந்தத் துண்டு.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்? இங்கே இருக்கிற பல தகப்பன்மார் தனியாக இருக்கிறார்கள். சவூதியில் குடும்பத்தவர் ஒருவருக்கு மாதம் 100 ரியால் கட்டணம் 2017 ஜூலையில் தொடங்கி, வருடத்துக்கு வருடம் கூடி, 2020இல் 400 ரியால் ஆனது. மூன்று பேர் என்றால் மாதம் 1,200. எத்தனை குடும்பம் அந்தக் காலத்தில் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியது என்று உங்களுக்குத் தெரியும். இப்போது தகப்பன் தம்மாமில், பிள்ளை யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ. கடிகாரம் வாங்கி அனுப்புகிறார். இரவு வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்துக்கொண்டு புள்ளியைப் பார்க்கிறார். மனதுக்கு ஒரு ஆறுதல், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இங்கே இருந்து புள்ளியைப் பார்க்கலாம், ஓடிப்போய்த் தூக்க முடியாது. மலர் வாசிக்கிற உறவுகளுக்கும் இது பொருந்தும். ஒஸ்லோவில் இருக்கிற சித்தப்பாவுக்கும், ஸ்காபரோவில் இருக்கிற மாமாவுக்கும் புள்ளி தெரிந்து என்ன? அறிவித்தல் வருகிற போன், ஐந்து நிமிசத்தில் ஓடக்கூடிய தூரத்தில் இருக்கிற ஒருவரின் கையில் இருக்க வேண்டும். தாய், பக்கத்து வீட்டு அக்கா, கீழ் வீட்டு மாணவன், யாராவது.

இன்னொரு விசயம் மனதை உறுத்தும். பலர் என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். நாங்கள் யார்? அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சோதனைச் சாவடியில் வரிசையில் நின்ற சனம். எங்கே போகிறாய், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்ட கேள்விக்குப் பயந்து கடல் கடந்த சனம். அப்படிப்பட்ட நாங்களே எங்கட பிள்ளையின் கையில் கண்காணிக்கிற கருவியைக் கட்டலாமோ? நியாயமான கேள்வி. மற்றப் பக்கத்தில், காணாமல் போதல் என்ற சொல் எங்கட நெஞ்சில் எப்படி விழும் என்றும் தெரியும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் பிள்ளைகளின் படத்தோடு தெருவோரம் இருந்து போராடத் தொடங்கினார்கள். எங்கட பிள்ளை எங்கே என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. அந்தச் சொல்லின் கனம் தெரிந்த சனத்துக்கு, பிள்ளை எங்கே என்று அறிகிற உரிமை இல்லையென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒழுங்கு வேண்டும். யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும். 2017 ஒக்டோபரில் நோர்வே நுகர்வோர் மன்றம் பிள்ளைகளின் ஜி.பி.எஸ். கடிகாரங்களைச் சோதித்தது. சிலவற்றில் அந்நியர் ஒருவர் உள்ளே புகுந்து பிள்ளை நிற்கிற இடத்தைப் பார்க்கலாம், பிள்ளை வேறு இடத்தில் நிற்பதாகப் பொய்யாகவும் காட்டலாம் என்று கண்டுபிடித்தது. அடுத்த மாதமே ஜெர்மனி, இரகசியமாக ஒட்டுக்கேட்க வசதி உள்ள பிள்ளைக் கடிகாரங்களைத் தடை செய்தது. ஆகவே பெயர் தெரியாத மலிவுச் சாமானை வாங்காதேங்கோ. கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கோ. ஒட்டுக்கேட்கிற வசதி இருந்தால் வேண்டாம். பிள்ளையின் புள்ளியைக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பெருமை கொண்டாட வேண்டாம். பிள்ளைக்கு விளங்குகிற மட்டில், படம் காட்டியாவது, இது ஏன் என்று சொல்லிக் கட்டுங்கோ. வளர்ந்து, தனியே கடைக்குப் போய்த் திரும்பிவரப் பழகின பிள்ளை "எனக்கு வேண்டாம்" என்றால், அந்தச் சொல்லையும் கேளுங்கோ. அதைச் சொல்ல அவன் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. வளைகுடாவில் ஜி.பி.எஸ். எப்போதும் நம்பத்தக்கது என்றும் நினைக்காதேங்கோ. 2025 ஜூனில் இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சண்டை நடந்தபோது இந்தக் கடலில் கப்பல்களின் ஜி.பி.எஸ். குழம்பி, கப்பல் தரையில் நிற்பதாகக் காட்டின கதை எல்லாம் செய்தியாக வந்தது. கப்பலுக்கே அப்படியென்றால் கைக்கடிகாரம் எம்மாத்திரம்?

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தாய்மார் இதைக் குறித்து வையுங்கோ.

முதலாவது, கதவு. பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், திறந்தால் சத்தம் போடுகிற ஒரு மணி. நெருப்புப் பிடித்தால் பெரியவர் உடனே திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிள்ளை வெளிக்கிட முதல் தெரிவது, வெளிக்கிட்ட பிறகு தேடுவதை விட எவ்வளவோ மேல்.

இரண்டாவது, நீச்சல். 160 மடங்கு என்ற கணக்கை மறவாதேங்கோ. பிள்ளைக்கு நீந்தப் பழக்குங்கோ. உடுப்போடு தண்ணீரில் விழுந்தால் மிதந்து கரை பிடிக்கவும் பழக்குங்கோ.

மூன்றாவது, தெரு. நான் சொன்னபடி ஒவ்வொரு கடையாகப் போங்கோ. வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கட சனத்தில் பெரிய வியாதி இந்த வெட்கம்தான். "சனம் என்ன சொல்லும், நாளைக்குத் தங்கச்சிக்குக் கலியாணம் பேச வேணும்" என்று பிள்ளையை அறைக்குள் வைத்து மறைக்கிறோம். மறைத்து வளர்த்த பிள்ளை தெருவில் தனியே நின்றால், இது யாருடைய பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரில் என்றால் சந்தியில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து "இது இன்னாற்ற மோன்" என்று யாராவது கையைப் பிடித்துக் கொண்டுவந்து விடுவினம். அந்த ஊரை நாங்கள் விட்டு வந்துவிட்டோம். இங்கே அதைக் கையால் கட்ட வேண்டும்.

நாலாவது, மொழி. இதை நன்றாகக் கேளுங்கோ. வீட்டில் நாங்கள் தமிழில் கதைக்கிறோம். பொலிஸ்காரர் அரபியில் கூப்பிடுவார். ஜெர்மனியில் என்றால் டொச்சில், நோர்வேயில் என்றால் நோர்ஸ்க்கில். பிள்ளை திரும்பியும் பார்க்காது. கட்டளையை மீறுகிறான், போதையில் நிற்கிறான் என்று கூட நினைத்துவிடுவார்கள், முக்கியமாகப் பதினைந்து வயது தாண்டின பிள்ளையை. ஆகவே பிள்ளையின் பையிலும் கடைக்காரரிடமும் இருக்கிற துண்டில் அந்த நாட்டு மொழியில் நாலு வரி எழுதுங்கோ: ஓட்டிசம் உள்ள பிள்ளை, கதைக்காது, தொட்டால் பயப்படும், இந்த இலக்கத்துக்கு அடிக்கவும். அதற்குக் கீழே பிள்ளைக்குப் பழகின இரண்டு தமிழ்ச் சொல்லை அந்த நாட்டு எழுத்திலேயே எழுதுங்கோ. "வா", "இரு". அரபி எழுத்தில் "வா" என்று எழுதினால் எந்தப் பொலிஸ்காரரும் வாசிப்பார். தாய்மொழியில் ஒரு சொல் கேட்டால் நிற்கிற பிள்ளைகள் உண்டு.

ஐந்தாவது, இவ்வளவுக்கும் பிறகு, கருவி. கைப்பட்டி உறுத்தினால் கழற்றி எறிகிற பிள்ளைக்குச் சட்டைக்குள் தையுங்கோ, அல்லது பூட்டுள்ள பட்டி வாங்குங்கோ. பல நாடுகளில் பழைய 3ஜி சேவை மூடப்பட்டுவிட்டது, ஆகவே 4ஜி கருவியாகப் பார்த்து வாங்குங்கோ. சாமிக்கு விளக்கு வைக்கிற நேரம் போல, பற்றரி ஏற்ற ஒரு நேரம் வையுங்கோ. எங்கட வீட்டில் பிள்ளை குளிக்கிற நேரம்தான் அது. மாதத்துக்கு ஒருக்கால் ஒத்திகை பாருங்கோ: ஒரு பெரியவர் கடிகாரத்தோடு வெளியே போகட்டும், மற்றவர் எத்தனை நிமிசத்தில் கண்டுபிடிக்கிறார் என்று பார்க்கட்டும்.

ஆறாவது, பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் தண்ணீர் உள்ள இடத்துக்கு ஓடுங்கோ. குளம், கடற்கரை, பக்கத்து இஸ்திராஹா. அதே நேரம் இன்னொருவர் பொலிசுக்கு அடிக்கட்டும். தம்மாம் இருக்கிற கிழக்கு மாகாணத்தில் 911. ஐரோப்பாவில் 112, பிரித்தானியாவில் 999உம் சரி, கனடாவில் 911, இலங்கையில் 119, இந்தியாவில் 112. இருபத்திநாலு மணி நேரம் பொறுத்துத்தான் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று எங்கட சனத்திடம் ஒரு கதை உலாவுகிறது. பிரித்தானியாவிலும் கனடாவிலும் பொலிசாரே அது பிழை என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒரு நிமிசமும் பொறுக்க வேண்டாம். பிள்ளையின் அண்மைப் படம் ஒன்று, முகமும் முழு உருவமும், போனில் எப்போதும் இருக்கட்டும்.

கடைசியாகச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். விழா வைக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், நல்ல காரியம். அதோடு ஒரு சின்ன வேலையும் செய்வோம். வாசலில் ஒருவரை இருத்துவோம். தனியே வெளிக்கிடுகிற பிள்ளையைக் கவனிப்பது மட்டும் அவருடைய வேலை. சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஒரு அமைதியான அறை ஒதுக்குவோம். இந்த இரண்டும் இருந்தால், வருடக் கணக்காக விழாவுக்கு வராமல் வீட்டுக்குள் இருக்கிற ஐந்தாறு தாய்மார் அடுத்த சித்திரைக்கு வருவினம். அவர்கள் வராததற்குக் காரணம் விருப்பமின்மை இல்லை, பயம்.

இங்கே வந்திருக்கிற ஒவ்வொருவரிடமும் இன்று ஒரு காரியம் கேட்கிறேன். உங்கட கட்டடத்திலோ, தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், அந்தத் தாயிடம் போய், "அக்கா, உங்கட நம்பரைத் தாங்கோ, பிள்ளையை எனக்கும் ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேளுங்கோ. அந்த வீட்டுக் கடிகாரம் மணி அடிக்கிற நேரம், ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்கப்போகிறவர் நீங்களாகவும் இருக்கலாம்.

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துக்கள்.